சனிக்கிழமை ராத்திரியும் கறுப்பு மண்ணும்

அயோவா மாநிலத்தின் தலைநகர் டெமாயினில் நம் ஆட்கள் கணிசமாக இருக்கிறோம். காப்பீட்டுத் தொழில் கொடிகட்டிப் பறக்கும் ஊர். அதற்குக் கணினி வேலை வேண்டும். கணினி வேலைக்கு நாம் வந்தோம். கோடையில் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் யார் வீட்டிலாவது பிரியாணி, பிள்ளைகளுக்கு நீச்சல், பெரியவர்களுக்குக் கிரிக்கெட். நன்றாகத்தான் போகிறது. ஆனால் அதே சாயங்காலம் இங்கிருந்து நாற்பது மைல் தென்கிழக்கே, ஏழாயிரத்து ஐந்நூறு பேர் வாழும் நாக்ஸ்வில் என்ற ஊரில் என்ன நடக்கிறது என்று இங்கே பல வருடம் இருந்தவர்களுக்குக்கூடத் தெரிவதில்லை. அங்கே மண் தடத்தில் கார்ப் பந்தயம் நடக்கிறது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

(டென்னசி மாநிலத்திலும் ஒரு நாக்ஸ்வில் உண்டு. அது பெரிய நகரம். நான் சொல்வது அயோவாவின் நாக்ஸ்வில்.)

என்னை முதலில் அங்கே கூட்டிக்கொண்டு போனவர் அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் இருந்த ஒரு பெண்மணி. அப்போதே ஓய்வு பெறும் வயது அவருக்கு. பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா பகலெல்லாம் டிராக்டர் பழுது பார்ப்பாராம், சனிக்கிழமை ராத்திரி பந்தயத்தில் ஓட்டுவாராம். "கிறிஸ்துமஸுக்கு எங்களுக்குப் புதுத் துணி வந்ததோ இல்லையோ, வசந்தம் பிறந்தால் அப்பா காருக்கு டயர் வந்துவிடும்" என்று சொல்லிச் சிரிப்பார். அப்பா ஓட்டியது உடைசல் கடையில் வாங்கிய முப்பதுகளின் ஃபோர்டு. கதவைப் பற்றவைத்து மூடி, கண்ணாடிகளைக் கழற்றி, பக்கவாட்டில் கையால் எண் எழுதிய கார். அந்தத் தலைமுறைக்கு அப்படித்தான் பந்தயம் ஆரம்பித்தது. 1932ல் ஃபோர்டு வி8 எஞ்சினைச் சாதாரண மக்கள் வாங்கும் விலையில் கொண்டுவந்தது. யுத்தம் முடிந்து திரும்பிய இளைஞர்கள் ராணுவத்தில் மெக்கானிக் வேலை கற்றிருந்தார்கள். பழைய கார் சல்லிசாகக் கிடைத்தது. மாவட்டத்துக்கு மாவட்டம் விவசாயக் கண்காட்சி மைதானம் இருந்தது. அதில் குதிரைப் பந்தயத்துக்குப் போட்ட அரை மைல் மண் வட்டமும் இருந்தது. இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்தால் வேறு என்ன நடக்கும்?

நாக்ஸ்வில் தடம் இன்றும் மேரியன் மாவட்டக் கண்காட்சி மைதானத்தில்தான் இருக்கிறது. அரை மைல் நீள்வட்டம். முழுக்க மண். அங்கே ஓடும் ஸ்பிரிண்ட் காரை முதன்முதலாகப் பார்த்தால் இதை யார், எதற்காக இப்படிச் செய்தார்கள் என்றுதான் தோன்றும். எடை சுமார் 635 கிலோ. எஞ்சின் 410 கன அங்குலம், கிட்டத்தட்ட 900 குதிரைத்திறன். நாம் குடும்பத்தோடு போகிற கார் இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் எடை, திறனோ இதில் ஒரு சிறு பங்குதான். எரிபொருள் மெத்தனால். ஸ்டார்ட்டர் கிடையாது, நாம் அறிந்த கியர் பெட்டி கிடையாது. பின்னால் ஒரு டிரக் வந்து முட்டித் தள்ளினால்தான் எஞ்சின் உயிர் பெறும். தலைக்கு மேலே ஐந்தடிக்கு ஐந்தடி அலுமினிய இறக்கை. வேகம் கூடக்கூடக் காற்று அதன்மேல் அழுத்திக் காரைத் தரையோடு பிடித்துவைக்கிறது. பின்சக்கரங்களில் வலது பக்கத்தது இடதைவிடப் பெரியது. அதனால் கார் தானாகவே இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். திரும்புவதும் எப்போதும் இடப்பக்கம்தான். வளைவுக்குள் நுழையும்போது ஓட்டுநர் காரைக் குறுக்காக வீசுவார். பின்பகுதி வெளியே சறுக்கும், முன்சக்கரங்கள் வலப்பக்கம் பார்க்கும், கார் இடப்பக்கம் போகும். ஒரு சுற்றுக்குப் பதினைந்து விநாடி. இருபது கார் ஒரே நேரத்தில் இதைச் செய்யும்போது எழும் சத்தம் காதில் கேட்பதைவிட நெஞ்செலும்பில் கேட்கும்.

கார் அதிசயம்தான். ஆனால் என்னை அங்கே கட்டிப்போட்டது மண்.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன், கரிசல்காட்டில் வளர்ந்தவன். மழைக்கு மறுநாள் கரிசலில் நடந்தால் மண் காலோடு அப்பிக்கொண்டு வரும். நாலு எட்டு வைப்பதற்குள் செருப்பு இரண்டு பங்கு கனக்கும். வெயில் ஏறினால் அதே மண் பாளம் பாளமாக வெடிக்கும். நாக்ஸ்வில்லின் கறுப்புக் களிமண்ணுக்கும் அதே குணம். அந்தக் குணத்தை வைத்துத்தான் அங்கே ராத்திரி முழுவதும் ஆட்டம்.

பந்தயத்தன்று காலையிலேயே தண்ணீர் லாரி ஓட ஆரம்பித்துவிடும். மேல்மண் நனைந்தால் போதாது, ஆழம் வரை ஈரம் இறங்க வேண்டும். கிளறிவிடுவார்கள், தண்ணீர் விடுவார்கள், உருளையால் அழுத்துவார்கள், மறுபடி தண்ணீர். சாயங்காலம் பந்தயக் கார்களையே மெதுவாகச் சுற்றவிட்டு, டயரால் மண்ணை மிதித்து இறுக்குவார்கள். முதல் பந்தயங்கள் தொடங்கும்போது மண் பிசுபிசுவென்று பிடிக்கும். காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுக்கவே வேண்டாம். கட்டி கட்டியாக மண் பறக்கும். ஓட்டுநரின் முகக்கண்ணாடியில் மெல்லிய படலங்களை அடுக்கடுக்காக ஒட்டியிருப்பார்கள். மண் மூடினால் ஒன்றைக் கிழித்து எறிந்துவிட்டு ஓட்டுவார்.

இருட்ட இருட்ட மண் மாறும். காற்றும் டயர்ச் சூடும் ஈரத்தை உறிஞ்சிவிட, நடுத்தடம் கறுத்துப் பளபளக்கத் தொடங்கும். அங்கே பிடிப்பே இருக்காது. டயர்கள் உரித்து எறிந்த மண் வெளிவிளிம்பில், சுவரை ஒட்டி, ஒரு வரப்பாகச் சேரும். அதில் வலது பின்சக்கரத்தைச் சாய்த்து ஓட்டினால் பறக்கலாம். அரையடி தப்பினால் வரப்பைத் தாண்டிச் சுவரில்தான். உள்விளிம்பிலோ சில இடங்களில் கொஞ்சம் ஈரம் ஒளிந்திருக்கும். வேகம் குறைவு, தூரமும் குறைவு. வெளிவிளிம்பா உள்விளிம்பா என்று ஒவ்வொரு சுற்றிலும் முடிவு செய்ய வேண்டும். ஏழு மணிக்கு ஓடிய தடம் பத்து மணிக்கு இல்லை. ஒரே பந்தயத்தின் ஐந்தாம் சுற்றுக்கும் இருபதாம் சுற்றுக்கும்கூடத் தடம் வேறு. தார்ச் சாலைப் பந்தயத்தில் காரைச் சரிசெய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இங்கே மண்ணைப் படிக்கத் தெரியாதவனுக்கு எந்தக் காரும் உதவாது. கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் எண்பது வயதுப் பெரியவர்கள் காரைப் பார்ப்பதைவிட அதிகமாகத் தடத்தைப் பார்ப்பார்கள். "நாலாவது வளைவில் ஈரம் இருக்கிறது, யாருக்கும் இன்னும் தெரியவில்லை பார்" என்று பக்கத்தில் இருந்த ஒருவர் சொன்னார். அடுத்த சில சுற்றுகளில் ஆறாவதாக இருந்த கார் அந்த இடத்தில் உள்ளே இறங்கி மூன்று பேரை ஒரே வளைவில் தாண்டியது. வானிலை பார்த்து விதைத்த கைகள் அல்லவா அவர்களுடையவை!

ஏற்பாட்டில் இன்னொரு நியாயமும் உண்டு. பல தடங்களில் முதல்கட்டப் பந்தயங்களில் வேகமானவரை முன்னால் நிறுத்த மாட்டார்கள், பின்வரிசைக்கு அனுப்புவார்கள். நீ வல்லவன் என்றால் தாண்டிக் காட்டு என்று அர்த்தம். பார்க்க வந்தவருக்கு இதைவிட மரியாதை வேறென்ன?

பந்தயம் முடிந்ததும், கார்களை நிறுத்திப் பழுது பார்க்கும் பிட் பகுதியைத் திறந்துவிடுவார்கள். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த நேரம். பிள்ளைகள் ஓடிப்போய் இன்னும் சூடு தணியாத காரைத் தொட்டுப் பார்க்கும். ஓட்டுநர் முகத்தில் மண்ணோடு டயர்மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். அவர் திங்கட்கிழமை காலை வெல்டிங் கடையிலோ, விதை வியாபாரத்திலோ, பள்ளிப் பேருந்துப் பணிமனையிலோ இருப்பவர். அவரைத் தெரிந்தவர்கள் ஊரில் பாதிப்பேர். அவருக்குக் கைதட்ட வருவதும் அவரைத் திட்ட வருவதும் பக்கத்துத் தெருக்காரர்கள்தான். காரின் பக்கத்தில் எழுதியிருக்கும் விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள்: தானியக் கிடங்கு, பிளம்பர், இறைச்சிக் கடை, வங்கியின் உள்ளூர்க் கிளை. ஒரு சிற்றூரின் பொருளாதாரமே மண் அப்பிய தகரத்தில் எழுதியிருக்கும்.

இந்த மண்ணிலிருந்து எத்தனை பெரியவர்கள் புறப்பட்டார்கள் என்று சொன்னால் நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமாகப் புரியும். மரியோ ஆண்ட்ரெட்டி இத்தாலியில் பிறந்தவர். யுத்தத்துக்குப் பின் எல்லை மாறியதால் வீடிழந்த அகதிக் குடும்பம். 1955ல் பென்சில்வேனியாவின் நாசரேத் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த ஊரில் ஓர் அரை மைல் மண் தடம் இருந்தது. மரியோவும் இரட்டைச் சகோதரர் ஆல்டோவும் 1948 மாடல் ஹட்சன் காரைப் பந்தயத்துக்குத் தயார்செய்து, அப்பாவுக்குத் தெரியாமல் 1959ல் அங்கே ஓட்டத் தொடங்கினார்கள். பத்தே வருடத்தில், 1969ல், மரியோ இண்டியானாபோலிஸ் 500 வென்றார். 1978ல் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன். ஆல்டோவின் கதை வேறு. அந்த முதல் வருடமே பெரிய விபத்தில் சிக்கி உயிர் பிழைத்தார். புதிதாக வந்த ஊரில், மொழி சரியாக வராத பையன்களுக்கு ஒரு மண் தடம் என்ன கொடுத்தது என்பதற்கு மரியோவைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

கலிஃபோர்னியாவில் ஜே.சி. அகஜானியன் என்று ஒருவர் இருந்தார். ஆர்மீனியாவிலிருந்து வந்த குடும்பம், பன்றிப் பண்ணையும் குப்பை அள்ளும் தொழிலும். பெரிய கௌபாய்த் தொப்பி அவருடைய அடையாளம். அவருடைய கார்கள் 1952லும் 1963லும் இண்டியானாபோலிஸ் 500 வென்றன. லாஸ் ஏஞ்சலிஸ் அருகே கார்டினாவில் இருந்த அஸ்காட் பார்க் மண் தடத்தின் பந்தயங்களைப் பல வருடம் நடத்தியவரும் அவரே. மேற்குக் கடற்கரையில் மண் பந்தயம் என்றாலே அஸ்காட்தான். நன்றி தெரிவிக்கும் திருநாள் ராத்திரியில் அங்கே நடக்கும் பந்தயத்துக்கு ஊரே கூடும். 1990 நவம்பரில் அந்தப் பந்தயத்தை நடத்தி முடித்து, அஸ்காட்டை மூடிவிட்டார்கள். மூன்று பெரும் நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடத்தில் இருந்த நிலம் அது. மண்ணில் கார் ஓட்டிச் சம்பாதிப்பதைவிட அந்த மண்ணை விற்றால் வருவது அதிகம்.

மூடிய தடங்களின் பட்டியல் நீளம். எல்லாவற்றையும் எழுதினால் இரங்கல் பக்கம் ஆகிவிடும். மறக்க முடியாத இரண்டு மூன்றை மட்டும் சொல்கிறேன். ஃபிலடெல்ஃபியா அருகே லாங்ஹார்ன்: 1926ல் கட்டிய ஒரு மைல் தடம், நீள்வட்டம்கூட இல்லை, ஏறக்குறைய முழு வட்டம். நேர்க்கோடே கிடையாது என்பதால் ஸ்டீயரிங்கை நேராக்கிக் கைக்கு ஒரு விநாடி ஓய்வு கொடுக்கவும் வழியில்லை. பல ஓட்டுநர்களின் உயிரைக் குடித்த தடம். 1965ல் தார் போட்டார்கள். 1971ல் மூடினார்கள். இன்று அங்கே கடைத்தெரு. ஃபீனிக்ஸ் நகரின் மன்சனீட்டா 1951 முதல் ஓடியது, 2009ல் முடிந்தது. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில் மாநிலக் கண்காட்சி மைதானத்து ஒரு மைல் தடத்தில் 1972 முதல் வருடாவருடம் அக்டோபரில் பெரும் பந்தய வாரம் நடந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வண்டியிலேயே தங்கி ஒரு வாரம் அங்கேயே வாழ்வார்கள். 2015தான் கடைசி. மறுவருடம் பார்வையாளர் மாடத்தையே இடித்துவிட்டார்கள். பந்தய வாரம் ஆஸ்வீகோ என்ற ஊருக்கு இடம் மாறியது. ஆனால் அந்த ஒரு மைல் மண்ணை எங்கே தூக்கிக்கொண்டு போவது?

நாஸ்கார் என்ற பெரும் பந்தயத் தொடர் மண்ணில் பிறந்த ஒன்று. அதன் முதல்நிலைப் பந்தயம் 1970 செப்டம்பர் 30 அன்று வட கரோலினாவின் ராலியில் கடைசியாக மண்ணில் ஓடியது. ரிச்சர்டு பெட்டி வென்றார். அதன்பின் ஐம்பது வருடம் மண்ணை எட்டிப் பார்க்கவில்லை. 2021ல் பிரிஸ்டல் தார்த் தடத்தின்மேல் லாரி லாரியாக மண் கொட்டி ஒரு பந்தயம் வைத்தார்கள். சில வருடங்களில் அதையும் விட்டுவிட்டார்கள். மண் இருக்கும் ஊருக்குப் பந்தயம் போக வேண்டும், பந்தயம் இருக்கும் ஊருக்கு மண்ணைக் கொண்டுபோகக் கூடாது. இது என் கட்சி.

இத்தனையும் சொன்னதால் மண் பந்தயம் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். உச்சியில் அது இன்று நன்றாகவே இருக்கிறது. 1978ல் டெட் ஜான்சன் தொடங்கிய வேர்ல்டு ஆஃப் அவுட்லாஸ் ஸ்பிரிண்ட் கார் தொடர் இன்றும் நாடு முழுக்கச் சுற்றுகிறது. இண்டியானாக்காரரான ஸ்டீவ் கின்சர் அதில் இருபது முறை சாம்பியன். அதே கின்சர் நாக்ஸ்வில் நேஷனல்ஸை மட்டும் பன்னிரண்டு முறை வென்றார். நாக்ஸ்வில் தடத்தின் வருடாந்தரப் பெரும் பந்தயமான இந்த நேஷனல்ஸ் 1961ல் தொடங்கியது. ஆகஸ்டில் நடக்கும்போது ஏழாயிரத்து ஐந்நூறு பேர் ஊரில் இருபதாயிரத்துக்கும் மேல் கூட்டம். தென் டகோடா, பென்சில்வேனியா, ஆஸ்திரேலியாவிலிருந்தெல்லாம் வருவார்கள். இறுதிப் பந்தயத்துக்கு முன் கார்கள் நான்கு நான்காக வரிசை கட்டி, கூட்டத்துக்கு வணக்கம் சொல்வதுபோல் மெதுவாகச் சுற்றி வரும். அந்தக் காட்சிக்கு ஒவ்வொரு தடவையும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. இன்றைய நாஸ்கார் சாம்பியன்களில் ஒருவரான கைல் லார்சன் 2021, 2023, 2024 வருடங்களில் வந்து இதை வென்றார். அவருடைய அம்மா ஜப்பானிய வம்சாவளி. வென்றவருக்கு ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் பரிசு. ஓஹாயோவின் எல்டோராவில் 2001லும் 2022லும் பத்து லட்சம் டாலர் பரிசுக்கே பந்தயம் வைத்தார்கள். எல்டோராவைக் கட்டியவர் ஏர்ல் பால்டஸ், நடனக்கூடம் நடத்திய இசைக்காரர். 1954ல் நடனக்கூடத்துக்குப் பக்கத்திலேயே தடம் வெட்டினார். ஐம்பது வருடம் காப்பாற்றி, 2004ல் டோனி ஸ்டூவர்ட்டுக்கு விற்றார். மண்ணில் வளர்ந்த ஓட்டுநர் கையில் கொடுத்தார் என்பதால்தான் அது இன்றும் தடமாக இருக்கிறது.

கஷ்டம் அடிவாரத்தில். வாரந்தோறும் நடக்கும் உள்ளூர் ராத்திரிகளில். 410 எஞ்சின் ஒன்றின் விலை இன்று ஐம்பதாயிரம் டாலருக்கு மேல். உதிரி எஞ்சின் வேண்டும், டயர் வேண்டும், டிரெய்லர் வேண்டும். உடைசல் கடைக் காரில் அப்பா ஓட்டிய பந்தயத்தில் வெல்டிங் கடைக்காரரின் மகன் இன்று எப்படி நுழைவான்?

இதற்கு அயோவாவே ஒரு பதில் கண்டுபிடித்தது. அதைச் சொல்லாமல் விட மனமில்லை. 1915ல் தொடங்கிய பழைய பந்தயச் சங்கமான ஐ.எம்.சி.ஏ.வை எழுபதுகளின் கடைசியில் வின்டன் ஊரைச் சேர்ந்த கீத் நாக் எடுத்து நடத்தினார். 1979ல் மாடிஃபைடு என்ற புது வகைக் காரைக் கொண்டுவந்தார். உழைக்கிறவன் வார இறுதியில் ஓட்டும்படியான கார். அதன் விதிகளில் ஓர் அற்புதமான விதி இருந்தது: பந்தயம் முடிந்ததும், தோற்றவர், விதியில் முன்கூட்டியே நிர்ணயித்திருந்த சிறு தொகையைக் கொடுத்து வென்றவரின் எஞ்சினை விலைக்குக் கேட்கலாம். வென்றவர் மறுக்கக் கூடாது. யோசித்துப் பாருங்கள். அடிமாட்டு விலைக்குப் பறிபோகும் என்று தெரிந்தால் பெரும் பணம் கொட்டி யார் எஞ்சின் கட்டுவார்கள்? பணத்தின் வாலை ஒட்ட நறுக்கிய விதி. அந்தக் கார் வகை அமெரிக்கா முழுக்கப் பரவியது. இன்றும் செப்டம்பரில் பூன் என்ற சிற்றூரில் அதன் பெருவிழா நடக்கும்போது நூற்றுக்கணக்கான கார்கள் வந்து குவிகின்றன. பந்தயம் பணக்காரர் விளையாட்டு என்று சொல்கிறவர்களை நான் பூனுக்கு அழைத்துப்போகத் தயார்.

செலவு ஒன்றே காரணம் இல்லை. எண்பதுகளின் விவசாய நெருக்கடியில் அயோவாவின் எத்தனையோ குடும்பங்கள் நிலத்தை இழந்தன. பிள்ளைகள் டெமாயினுக்கும் சிகாகோவுக்கும் போனார்கள். ஊர் சுருங்கியது. இரண்டு ஊருக்கு ஒரு பள்ளி என்று ஆனபோது பந்தயம் பார்க்கும் கூட்டமும் அப்படியே ஆனது. வேறு சில இடங்களில் நேர் எதிர்: ஊர் பெருத்தது. சோளக்காட்டு நடுவில் இருந்த தடத்தைச் சுற்றிப் புது வீடுகள் வந்தன. தடம் இருப்பது தெரிந்தே வீடு வாங்கியவர்கள் சத்தம் தாங்கவில்லை என்று நகராட்சியில் மனுக் கொடுத்தார்கள். அறுபது வருடமாக இருந்ததைவிட ஆறு மாதத்துக்கு முன் வந்தவர் குரலுக்கு வலு அதிகம். எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

ஆபத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். இந்த விளையாட்டை நேசிக்கிறேன் என்பதற்காக அதை மறைப்பது நேர்மை இல்லை. பழைய படங்களில் ஓட்டுநர் வெறும் சட்டையோடு, தலைக்குமேல் பாதுகாப்புக் கூண்டு இல்லாமல் உட்கார்ந்திருப்பார். எழுபதுகளில்தான் கூண்டு பரவலாகக் கட்டாயமானது. நேஷனல்ஸை ஐந்து முறை வென்ற டக் உல்ஃப்காங் 1992ல் கான்சஸ் சிட்டியில் பயிற்சி ஓட்டத்தின்போது எரியும் காருக்குள் சிக்கிக்கொண்டார். தீயணைப்பு ஏற்பாடு போதவில்லை என்று வழக்குப் போட்டு வென்றார். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் தடத்துக்காரர் பொறுப்பு தீர்ந்தது என்ற காலத்தை அந்த வழக்கு அசைத்தது. 2016 ஆகஸ்டில் கான்சஸ் மாநிலத்து பெல்வில் தடத்தில் பிரையன் கிளாசன் விபத்துக்குள்ளாகி மறுநாள் இறந்தார். வயது 27. அந்த ஒரே வருடத்தில் இருநூறு பந்தயங்கள் ஓட்ட வேண்டும் என்று கிளம்பியவர். அவர் முன்பே பதிந்து வைத்திருந்தபடி உறுப்புகளைக் கொடுத்ததால் ஐந்து பேர் பிழைத்தார்கள். அதன்பின் பந்தயக் கூட்டங்களில் உறுப்புதானம் பதியும் மேசைகளைப் பார்த்திருக்கிறேன். தீயணைப்பு வண்டிக்கும், ஆம்புலன்சுக்கும், காப்பீட்டுக்கும் ஆகும் செலவு சிறு தடங்களை நெருக்குகிறது என்று முணுமுணுப்பு உண்டு. செலவு நியாயமான செலவு. அதைக் குறைத்துத் தடத்தைக் காப்பாற்ற வேண்டாம். டிக்கெட் விற்றுக் காப்பாற்ற வேண்டும்.

டிக்கெட் என்றதும் இன்றைய பெரிய கேள்விக்கு வந்துவிட்டேன். இப்போது ஏராளமான பந்தயங்கள் நேரலையில் வருகின்றன. மாதச் சந்தா கட்டினால் வாரத்தின் பெரும்பாலான ராத்திரிகளில் எங்கோ ஒரு மண் தடத்தைச் சோபாவில் சாய்ந்து பார்க்கலாம். நானும் பார்க்கிறேன், ஜனவரியில் வெளியே பனி கொட்டும்போது ஓக்லஹோமாவின் டல்சாவில் கூரைக்குள் நடக்கும் சில்லி பவுல் பந்தயத்தைப் பார்ப்பது பெரிய ஆறுதல். அந்தச் சந்தாப் பணம் தேசியத் தொடர்களுக்குப் போய்ப் பரிசுத்தொகை ஏறியிருக்கிறது. ஓட்டுநர்களுக்கு நல்லது. ஆனால் உள்ளூர்த் தடம் வாழ்வது வாசல் வசூலிலும் தின்பண்டக் கடை வசூலிலும். திரையில் மண்ணின் ஈரம் தெரியாது. மெத்தனால் புகை கண்ணைக் கரிக்காது. நாலாவது வளைவைச் சுட்டிக்காட்டப் பக்கத்தில் பெரியவர் இருக்க மாட்டார். பழைய ஓட்டுநர்களின் கதையைப் பேசிப் பேசி உருகுகிறவர்களை நிறையச் சந்திக்கிறேன். "கடைசியாக எப்போது போனீர்கள்?" என்று கேட்டால் பதிலில் பத்து வருடம் ஓடிப்போயிருக்கிறது. அவர்கள் நினைவு பொய் இல்லை. ஆனால் அந்த நினைவு எந்தத் தடத்தின் மின்கட்டணத்தையும் கட்டுவதில்லை.

நம் சோழவரத்தை நினைத்துக்கொள்கிறேன். அது மண் தடம் இல்லை, இரண்டாம் உலக யுத்தகாலத்து விமானத் தளம். மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்திய பந்தயங்களுக்குச் சென்னையே திரண்டு போன காலம் ஒன்று இருந்தது. என் மாமா ஒருவர் ஊருக்கு வரும்போதெல்லாம் அதைப் பற்றியே பேசுவார். பிறகு இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் வந்தது, பந்தயம் அங்கே போனது. பாதுகாப்புக்கு அது தேவையான மாற்றம்தான். ஆனாலும் மாமா கடைசிவரை பேசியது சோழவரத்தை. மண் தடத்தைப் பற்றி அந்தப் பக்கத்து மேசைப் பெண்மணி பேசிய குரலும் மாமாவின் குரலும் ஒரே குரலாக எனக்குக் கேட்டதால்தான் அன்று அவர் கூப்பிட்டதும் கிளம்பினேன் என்று நினைக்கிறேன். இன்று அந்தப் பெண்மணி கால்வலியால் படியேற முடியாமல் சக்கர நாற்காலிப் பகுதியில் உட்கார்ந்து பார்க்கிறார். வாராவாரம் வருகிறார்.

ஆகவே இதைப் படிக்கும் நண்பர்களே, குறிப்பாக அயோவா, இண்டியானா, ஓஹாயோ, பென்சில்வேனியா பக்கம் இருப்பவர்களே: உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் அநேகமாக ஒரு மண் தடம் இருக்கும். பெரும் விழாவுக்குக் காத்திருக்க வேண்டாம், பேர் தெரியாத ஓட்டுநர்கள் ஓடும் சாதாரண ராத்திரிக்குப் போங்கள். பிள்ளைகளுக்குக் காதடைப்பான் கட்டாயம். முதல் சில வரிசைகளில் உட்கார்ந்தால் மண் மேலே விழும். நடுவுக்கு மேலே உட்காருங்கள், வெள்ளைச் சட்டை வேண்டாம். ராத்திரி குளிரும், ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை மட்டும் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகாதீர்கள், அங்கேயே வாங்குங்கள். பல இடங்களில் அந்தக் கடைதான் தடத்தைத் தாங்குகிறது. முடிந்ததும் உடனே காரை எடுக்காமல் பிட்டுக்குள் போய், கடைசியாக வந்த ஓட்டுநரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். நாக்ஸ்வில் வருவதாக இருந்தால் தடத்தை ஒட்டியே ஸ்பிரிண்ட் கார் அருங்காட்சியகம் இருக்கிறது, 1992ல் திறந்தது. மதியமே வந்துவிட்டால் அதையும் பார்க்கலாம். பருவம் ஏப்ரல் கடைசியில் தொடங்குகிறது. எனக்கு ஒரு வார்த்தை சொன்னால் நானும் வருகிறேன்.